யாரும் கேட்காத பொருள்

கெலேரா புதுச்சட்டி வாங்கினால், பேருந்தை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக அதன் ஒரு காதைக் கல்லில் தட்டி உடைத்துவிடுவாள். குடை என்றால் ஒரு கம்பியை வளைப்பாள். கோப்பை என்றால் விளிம்பில் ஒரு சில்லைப் பெயர்ப்பாள். கோபத்தில் செய்கிற காரியமில்லை. ஊருக்கு வெளியே கறிப்பலா மரத்தடியில் உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குகிற நிதானத்தோடு செய்வாள். அப்புறம்தான் பொருள் வீட்டுக்குள் போகும்.

அதற்குக் காரணம் இருந்தது. கடல் நடுவே ஒரு தீவு நாட்டில், ரேவா ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊரில் சொந்தக்காரர் ஒருவர் வந்து வாய்விட்டு ஒன்றைக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லும் வழக்கம் கிடையாது. கெரெகெரே என்பார்கள். கேட்டவருக்கும் கூச்சமில்லை, கொடுத்தவருக்கும் வருத்தமில்லை என்று பேச்சு. கொடுத்தவரைத் தனியாகக் கூப்பிட்டு யாரும் விசாரித்ததில்லை. ஊரில் எல்லாருமே ஏதோ ஒரு வழியில் சொந்தம் என்பதால், கெலேரா கல்யாணமாகி வந்த வருஷமே அவளுடைய பாத்திரங்கள் ஒவ்வொன்றாக ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டன. திரும்பி வந்தது ஒரு கரண்டி. அதுவும் வேறு யாருடையதோ.

அவள் கணவன் அபிசாய் தங்கமான மனிதன். வீட்டுச் செலவு என்று வரும்போது தங்கமான மனிதனைவிட ஆபத்து வேறில்லை. ஒருமுறை புதுச்சட்டை போட்டுக்கொண்டு நவுசோரி டவுனுக்குப் போனவன் வெறும் பனியனோடு திரும்பி வந்தான்.

"மச்சான் கேட்டான். அவனுக்கு ரொம்ப நல்லாப் பொருந்துச்சு கெலேரா, நீ பாத்திருக்கணும்" என்றான், சந்தோஷமாக.

அன்றிலிருந்து அவள் சிக்கனம் பிடித்தாள். மற்ற ஊர்களில் செலவைக் குறைத்தால் சிக்கனம். இங்கே யாரும் ஆசைப்படாத பொருளை வைத்திருந்தால்தான் சிக்கனம். சோப்புத் துண்டுகளைச் சேர்த்துப் பிசைந்து, பார்க்கவே சகிக்காத ஓர் உருண்டையாக்கி வைத்தாள். சீனியை மண்ணெண்ணெய் டப்பாவில் ஒளித்தாள். தேயிலைக்குப் பதில் வாசலில் இருந்த எலுமிச்சை இலையைக் கிள்ளிப்போட்டுக் கொதிக்கவைத்தாள். சந்தில் எவளாவது கிண்ணத்தோடு வருவது தெரிந்தால், இவள் அதைவிடப் பெரிய கிண்ணத்தோடு எதிரே போய், "மதினி, ஒரு கை உப்பு குடேன்" என்று முந்திக்கொள்வாள். முந்திக் கேட்டவளிடம் திருப்பிக் கேட்பது அழகில்லை என்பதால் வந்தவள் தன் வீட்டுக்குத் திரும்பிப் போய் உப்பை எடுத்துக் கொடுப்பாள். கெலேரா வீட்டில் உப்பு மட்டும் சாக்குக் கணக்கில் இருந்தது.

இப்படியெல்லாம் மிச்சம் பிடித்தது ஒரு தண்ணீர்த் தொட்டிக்காக. ஊருக்கு இருந்தது ஒரே பொதுக்குழாய், அதுவும் சரிவுக்குக் கீழே. அது வருகிற நேரத்தில்தான் வரும். கெலேராவின் வலது முழங்கால் இரண்டு வாளியோடு மேடேறும்போதெல்லாம் வாய்விட்டு அழாத குறை. கூரையிலிருந்து மழைநீர் பிடிக்கிற பச்சை நிறப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை அவள் டவுன் இரும்புக்கடையில் பார்த்து வைத்திருந்தாள். எத்தனை பெரிய சொந்தக்காரனும் தலையில் தூக்கிக்கொண்டு போக முடியாத பொருள். யார் கேட்டாலும் ஒரு வாளி தண்ணீர் கொடுத்தால் போதும், அதை மழை திருப்பி நிரப்பிவிடும். யோசிக்க யோசிக்க அவளுக்கு அந்தத் தொட்டியின் மேல் மரியாதை கூடியது.

பணத்தை வீட்டில் வைத்தால் தங்காது. அதனால் ஆற்றில் முங்கி எடுத்த மட்டிச் சிப்பியைச் சந்தையில் விற்ற கையோடு, சனிக்கிழமைதோறும் கடையிலேயே கட்டி வந்தாள். கட்டி முடித்தால் பொருள் வீடு தேடி வரும். அபிசாயிடம் மூச்சு விடவில்லை. கடைசித் தவணையைக் கட்டிய சனிக்கிழமை, திங்கள் காலை லாரி வரும் என்று கடைக்காரர் சொன்னார். அன்று அவள் வழக்கத்துக்கு மாறாக ஓர் ஐஸ் வாங்கிச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து வந்ததும் சொந்தக்காரப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அவள் வீட்டுக்கு வரிசையாக வந்து பாயில் உட்கார்ந்தார்கள். முன்னால் தராய்வினி. அபிசாயின் தங்கை; அவளும் கெலேராவும் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிடுவார்கள். கீழ்வீட்டில் இருப்பவள். ஊரிலேயே அதிகம் கேலி பேசுகிறவள் அன்று தலையைக் குனிந்துகொண்டு, சடங்குக்குரிய தணிந்த குரலில் பேசினாள்.

"மதினி, தப்பா நினைக்காத. நீ வாய்விட்டுக் கேக்கறது உப்பு மட்டுந்தான். பெருசா எதையும் கேக்க மாட்ட, மானஸ்தி. ஆனா எங்களுக்குக் கண்ணு இருக்குல்ல? உன் வீட்டுல காது இருக்கற சட்டின்னு ஒண்ணு உண்டா? நல்ல குடை உண்டா? இத்தனை வருஷம் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்துட்டோம். எங்க மேலதான் தப்பு."

ஒவ்வொருத்தியாகக் கொண்டுவந்ததைப் பாயில் வைத்தார்கள். காதுள்ள சட்டிகள். வளையாத குடை. சில்லு பெயராத கோப்பைகள். ஒருத்தி ஒரு சாக்கு உப்பு வைத்தாள். சட்டிகளில் ஒன்றின் அடியில் இருந்த நெளிவைப் பார்த்ததும் கெலேராவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கல்யாணச் சட்டி.

வீட்டுக்குத் தலைவன் என்ற முறையில் அபிசாய் வழக்கப்படி கையைக் குவித்துத் தட்டி எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. தாங்கள் இவ்வளவு ஏழை என்பது அவனுக்கும் அன்றுதான் தெரியும்.

கெலேரா அழுதாள். நிஜமாகவே வெட்கத்தில் அழுதாள். பாவம், மனம் தாங்காமல் அழுகிறாள் என்று நினைத்து மற்றவர்களும் கூட உட்கார்ந்து அழுதார்கள்.

திங்கள் விடிந்ததும், கடைக்குப் போய் லாரியை நிறுத்திவிடலாம் என்று பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினாள். பேருந்துக்கு முன்னால் லாரி வந்தது. ஓட்டுநர் அவளை அடையாளம் கண்டு, "எங்கம்மா நடந்து போறீங்க? உங்க ஊருக்குத்தான் போறோம், ஏறுங்க" என்று கதவைத் திறந்துவிட்டான். பின்னால் பச்சைத் தொட்டி ஒரு வீடு போல நின்றது. கெலேரா முன் இருக்கையில் உட்கார்ந்து, தன் ஊருக்குள் தானே ஊர்வலமாக வந்து இறங்கினாள்.

ஊர் கூடிவிட்டது. "லபாசாவுல இருக்கற உன் மக அனுப்புனதா?" என்று தராய்வினி கேட்டாள். தப்பிக்க நல்ல வழி. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். கெலேரா தராய்வினியின் முகத்தைப் பார்த்தாள். பொய் வரவில்லை.

"நான்தான் வாங்குனேன். மட்டிக் காசுல. ஒரு வருஷத்துக்கு மேல கட்டுனேன்."

பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். ஆண்கள் தொட்டியை இறக்கி, மேடை போட்டு நிறுத்தி, கூரைத் தகரத்தோடு குழாயை இணைத்தும் கொடுத்தார்கள். டீ குடிக்க நிற்காமல் போய்விட்டார்கள். அந்த வாரமே மழை பெய்து தொட்டி நிரம்பியது.

அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு யாரும் எதையும் கேட்டு வரவில்லை. உப்பு கேட்கவில்லை. நெருப்பு கேட்கவில்லை. கெலேரா சீனியை மண்ணெண்ணெய் டப்பாவிலிருந்து எடுத்து, கண்ணாடிப் புட்டியில் போட்டு ஜன்னலில் வைத்தாள். புதுக்குடையை வாசலில் மாட்டினாள். கீழ்வீட்டுக்குச் சட்டிகளைத் திருப்பிக் கொண்டுபோனாள். "குடுத்தது குடுத்ததுதான்" என்று சொல்லிவிட்டார்கள். அபிசாயின் நிலைமை இன்னும் மோசம். சாயங்காலம் யங்கோனா வேர்ச்சாறு குடிக்கிற இடத்தில் மச்சான்கள் அவனைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டு மரியாதையாகப் பேசினார்கள். அவன் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். முழங்கால் வலி போய்விட்டது, ஆனால் கெலேராவுக்குத் தூக்கம் வரவில்லை. இந்த ஊரில் தனக்கு இனி யாருமில்லை என்பது அவளுக்குத் துல்லியமாகப் புரிந்தது.

குழாயிலிருந்து கீழ்வீட்டுக்குப் போகிற பாதையும் மேடேறி கெலேராவின் வாசல் வழியாகத்தான் போகும். ஒருநாள் மத்தியானம் தராய்வினி பொதுக்குழாயிலிருந்து இரண்டு வாளியோடு, நிறைந்து வழிகிற அந்தத் தொட்டியைத் தாண்டிப் போனாள். கெலேரா ஓடிப்போய் வழியை மறித்தாள்.

"மதினி, நில்லு."

"சொல்லுங்க."

அந்த 'ங்க' கெலேராவின் நெஞ்சில் குத்தியது.

"என்கிட்ட எதையாவது கேளு."

"எங்களுக்கு என்னங்க வேணும்? ஒண்ணும் வேண்டாம்."

"கேளு மதினி. கேட்டுருவீங்களோன்னு பயந்துதான் சட்டிக் காதெல்லாம் உடைச்சேன். இப்ப கேக்க மாட்டேங்கறீங்களேன்னு பயமா இருக்கு. எத வேணா கேளு, குடுத்துடறேன்."

தராய்வினி வாளிகளைக் கீழே வைத்தாள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வீட்டைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

"எத வேணாலுமா?"

"எத வேணாலும்."

"அப்ப அந்தத் தொட்டியக் குடு."

கெலேராவின் முழங்கால் தானாக ஒருமுறை வலித்தது. ஆற்றில் முங்கிய அத்தனை குளிரும் ஞாபகம் வந்தது. அதெல்லாம் வந்து போகும்வரை நின்றுவிட்டு, "எடுத்துக்கோ" என்றாள்.

தராய்வினி தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மாடு வாங்குகிறவர் போலத் தட்டிப் பார்த்தாள்.

"என் வீட்டுக் கூரை பூரா ஓட்டை. அங்க வெச்சா இதுல ஒரு சொட்டு விழாது. அதனால இங்கயே கெடக்கட்டும். ஆனா என் தொட்டி, ஞாபகம் வெச்சுக்கோ. உனக்குத் தண்ணி வேணும்னா என் வீட்டு வாசலுக்கு வந்து கேக்கணும்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும். இல்லைன்னு சொல்ல நான் என்ன உன்னை மாதிரியா?"

தன் தொட்டிக் குழாயில் ஒருமுறை கையைக் கழுவிக்கொண்டு, வாளிகளைத் தூக்கிக்கொண்டு அவள் கீழே போய்விட்டாள்.

கெலேரா உள்ளே போய் டீ போட உட்கார்ந்தாள். பானையில் தண்ணீர் இல்லை. வெளியே வந்தாள். தொட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதைத் தாண்டி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கி, கீழ்வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"மதினி, டீ போடணும். கொஞ்சம் தண்ணி குடேன்."

தராய்வினி உள்ளே மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எடுத்துக்கோடி" என்றாள்.