இடது கைச் சோறு

எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியதற்கு அடுத்த ஆண்டு, ஒரு காலையில் என் மனைவி எனக்குக் காபி கொண்டுவந்து நீட்டினாள். நான் வாங்குவதற்குள் தம்ளர் கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன.

ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். சில மாதங்களில் பேச்சு வந்தது, கொஞ்சம் குழறலோடு. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் அளவுக்குக் காலும் வந்தது. கை மட்டும் வரவில்லை. மடியில் எடுத்து வைத்தால் வைத்த இடத்தில் கிடக்கும்.

நான் அப்போது பிறப்பு இறப்புப் பதியும் அலுவலகத்தில் குமாஸ்தா. பிரெஞ்சில் எழுதிப் பழகிய கை, ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலம். வீட்டில் இருந்தவர்கள் நாங்கள் மூவர்: நான், மனைவி, பிரெஞ்சுப் பள்ளியிறுதித் தேர்வான பக்கலொரேயா தேறிவிட்டு வீட்டோடு இருந்த எங்கள் ஒரே மகள். தாய்க்கு வேண்டியதையெல்லாம் அவளே செய்தாள். தலை வாருவாள், ரவிக்கை மாட்டிவிடுவாள், கால் கழுவிவிடுவாள். சோற்றை மையப் பிசைந்து ஊட்டுவாள். மீன் என்றால் முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்த பிறகுதான் கவளம் வாய்க்குப் போகும். தாய் வாயைத் திறக்கும் முன்பே அது தயாராக நிற்கும். தெருவில் எல்லோரும் சொன்னார்கள், பெற்றால் இப்படி ஒரு பெண்ணைப் பெற வேண்டும் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை போவோம். அங்கே பம்பாயில் படித்துவிட்டு வந்த ஒரு இளம் டாக்டர் இருந்தார். கை கால் விழுந்தவர்களைத் தறியிலும் தச்சுப் பட்டறையிலும் உட்காரவைத்து, சட்டை போடவும் சோறு உண்ணவும் திரும்பப் பழக்குகிற ஒரு வைத்தியம் இருக்கிறது, அதற்குப் பம்பாயில் ஒரு கல்லூரியும் இருக்கிறது என்று அவர் என் மகளிடம் சொன்னார். அதன் பெயரையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்: ஆக்குபேஷனல் தெரபி.

அன்று மாலை அவள் அதை என்னிடம் காட்டினாள். பிரெஞ்சில் 'ஒக்குபாசியோன்' என்றால் நாட்டைப் பிடித்து ஆள்வது; பிரெஞ்சு படித்தவனுக்கு அந்தச் சொல்லைப் பார்த்ததும் ஜெர்மன்காரன் பாரீஸைப் பிடித்துவைத்திருந்த நாட்கள்தான் நினைவுக்கு வந்தன. அதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் போய்ப் படிக்கட்டுமாப்பா?" என்றாள்.

அதுவரை அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. பொங்கலுக்குப் புடவைகூட நாங்கள் எடுத்ததைத்தான் கட்டுவாள்.

அடுத்த தெருவில் இருந்த என் அக்கா செய்தியறிந்து உடனே வந்தாள். கணவனை இழந்தவள், வாய் கொஞ்சம் அதிகம்.

"என்னா படிப்புடி அது? ஊசி போடுவியா?"

"இல்லத்தே."

"மருந்து எழுதிக் குடுப்பியா?"

"அதுவும் இல்ல. நோயாளிங்கள வேல செய்யவச்சி, அதாலயே அவங்களக் கொணப்படுத்துறது."

"படுத்துக் கெடக்கிறவங்கிட்ட வேல வாங்குறதா? அதுக்கு டாக்டருன்னு பேரு இல்லடி, மேஸ்திரின்னு பேரு. அதுக்குப் பம்பாய்க்கு எதுக்குப் போறே? பெரிய மார்க்கெட்டுல மூட்ட எறக்குற எடத்துல நின்னாலே கத்துக்கலாம்."

என் மனைவி படுத்தபடியே சிரித்துவிட்டாள். வாய் ஒரு பக்கமாகக் கோணும் சிரிப்பு. பிறகு குழறிக் குழறிச் சொன்னாள்: "போவட்டும். அவ ஒண்ணு கேக்குறா. போவட்டும்."

விண்ணப்பம் எழுதுவதில் எனக்குச் சிரமமில்லை. பக்கலொரேயா எங்கள் ஊரில் என்ன மதிப்புள்ளது என்பதைப் பம்பாய்க்காரர்களுக்கு விளக்க ஒரு தனிக் கடிதம் வைத்தோம். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. மனைவியை அக்காவின் பொறுப்பில் விட்டுவிட்டு நானும் மகளும் ரயிலேறினோம்.

அந்தக் கூடம் இன்னும் கண்ணில் இருக்கிறது. ஒரு பக்கம் தறிகள், ஒரு பக்கம் மரப்பலகைகளும் வாள்களும். பார்ப்பதற்குத் தொழிற்கூடம் போலத்தான் இருந்தது. வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கு ஒரு கையோ காலோ சரியில்லை என்பது உற்றுப் பார்த்தால்தான் தெரியும். கூட வந்தவர்களைக் கதவருகே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கேள்விகளை முடித்ததும் பெண்களை ஒவ்வொருத்தியாக ஒரு மனிதரிடம் அனுப்பினார்கள். பஞ்சாலைத் தொழிலாளி என்று சொன்னார்கள். என் மனைவியைப் போலவே அவருக்கும் வலது பக்கம் விழுந்திருந்தது. எதிரே நாற்காலியில் ஒரு சட்டை கிடந்தது. தலைமைப் பேராசிரியையான நரைத்த அம்மாள் ஒவ்வொருத்தியிடமும் ஒன்றையே சொன்னார்: இவர் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும், நீ கூட இரு.

என் மகளுக்கு முன்னால் போன பெண் சும்மா நின்றாள். அந்த மனிதர் ஒரு கையால் சட்டையோடு மல்லுக்கட்டினார். ஒரு பொத்தான் வெகுநேரம் நழுவிக்கொண்டே இருந்தது. அவர் நெற்றியில் வேர்த்தது. அந்தப் பெண் ஏதோ மெல்லச் சொன்னாளே தவிர, கையை நீட்டவில்லை. கல் மனசுக்காரி, இவளெல்லாம் எதற்கு வைத்தியம் படிக்க வருகிறாள் என்று நினைத்தேன்.

பிறகு என் மகள் போனாள். அவர் முன்னால் மண்டியிட்டாள். விழுந்த கையை முதலில் சட்டைக்குள் நுழைத்தாள், பிறகு நல்ல கையை. காலரை நீவிவிட்டு, கீழிருந்து மேலாகப் பொத்தான்களைப் போட்டாள். ஒரு சுருக்கம் இல்லை. அந்த மனிதர் அவள் தலையில் கைவைத்து ஏதோ தம் மொழியில் சொன்னார். பக்கத்தில் இருந்த ஒருவர் பக்கம் திரும்பி, "என் மகள்" என்றேன் ஆங்கிலத்தில். இடம் எங்களுக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பட்டியலில் அவள் பெயர் இல்லை. சும்மா நின்ற பெண்ணின் பெயர் இருந்தது.

என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த நரைத்த அம்மாளிடம் போய்க் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "உங்கள் மகளுக்கு அன்பு இருக்கிறது. அவளைப் போல ஒரு நர்ஸ் கிடைக்கமாட்டாள். ஆனால் அந்த மனிதருக்கு ஒரு நல்ல இடது கை இருக்கிறது. அவள் அதைப் பார்க்கவே இல்லை." பிறகு அவளிடம், "வயது வரம்பின்படி உனக்கு இன்னும் ஒரு முறை இருக்கிறது. அடுத்த ஆண்டு வா" என்றார்.

திரும்பி வரும் ரயிலில் அவள் வெகுநேரம் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? எங்கள் வீடுகளில் அது ஒரு கையாகவே கணக்கில் வராது. குழந்தை அதை நீட்டி மிட்டாய் வாங்கினால் தட்டிவிடுவோம். அதற்கென்று இருக்கும் வேலை ஒன்றே ஒன்று. அதைச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் அவள் பெரிய மார்க்கெட்டுக்குப் போய் ஒரு ஸ்பூன் வாங்கிவந்தாள். அதன் காம்பில் பழந்துணியைச் சுற்றித் தடிமனாக்கிக் கட்டினாள். உயர்ந்த விளிம்புள்ள தட்டை எடுத்து, நகராமலிருக்க அடியில் ஈரத்துணி விரித்தாள். தாயை உட்காரவைத்து, ஸ்பூனை அவளுடைய இடது கையில் கொடுத்தாள்.

"என்னாது இது?"

"நீயே சாப்புடும்மா."

"இந்தக் கையாலயா?"

"ஆமாம்மா. நல்லாத்தானே இருக்குது அந்தக் கை."

"பீச்சாங்கையால சோறு திங்கச் சொல்றியா? பெத்தவள?" ஸ்பூன் கூடத்தின் மறுகோடியில் போய் விழுந்தது.

மகள் அதை எடுத்துக் கழுவி, மறுபடி கையில் வைத்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அப்படிக் கட்டிக்கொள்ளாவிட்டால் அவை தாமாகப் போய்ச் சோற்றைப் பிசைந்துவிடும் என்பது எனக்குத் தெரிந்தது.

அன்று அவள் தாய் சாப்பிடவில்லை. மறுநாள் மோர் மட்டும் குடித்தாள். அக்கா வாசலிலிருந்தே ஆரம்பித்தாள்.

"என்னா தம்பி, உம் பொண்ணு மேஸ்திரி வேலைய வூட்டுலயே ஆரம்பிச்சிட்டாளாமே? கூலி எவ்ளோ குடுக்கிறா? பட்டினி போட்டுக் கத்துக்குற படிப்பு எந்த ஊருலடா இருக்குது?"

மகளைக் கிணற்றடியில் கண்டேன். அழுதுகொண்டிருந்தாள்.

"ஒரு வாய் ஊட்டிடு பாப்பா" என்றேன்.

"நான் ஊட்டுனா அம்மா இப்பிடியே இருந்துடுவாங்கப்பா."

"அப்ப நான் ஊட்டுறேன்."

"நீங்க ஊட்டுனா நான் பம்பாய்க்கே போவல. அம்மாவுக்கே செய்ய முடியல, வேற யாருக்குப் போயிச் செய்யப்போறேன்?"

இதை என் மனைவி கேட்டிருக்க வேண்டும். ஜன்னல் திறந்துதான் இருந்தது. மதியம் என்னைக் கூப்பிட்டாள்.

"தட்ட வச்சிட்டு ரெண்டு பேரும் வெளியே போங்க. கதவச் சாத்துங்க. யாரும் எட்டிப் பாக்கக் கூடாது."

சாத்தினோம். நானும் மகளும் வெளியே நின்றோம். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஸ்பூன் தட்டில் இடிக்கும் சத்தம். விழும் சத்தம். மறுபடி இடிக்கும் சத்தம். மகள் கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். கதவு திறந்தபோது தட்டில் பாதி காலியாகியிருந்தது. சிந்தியதையும் என் மனைவியே துடைத்துவைத்திருந்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவள் தானாகச் சாப்பிட்டாள். தலையை வாரிக்கொள்ளவும் புடவையைச் சுற்றிக்கொள்ளவும் பழகினாள். மகள் கண்ணில் ஒரு தெளிவு வந்தது, டாக்டரும் பாராட்டினார். ஆனால் சாப்பாட்டு வேளையில் கதவு சாத்தியே இருந்தது. முன்பு கைவிழுந்த நிலையிலும் எங்கள் நடுவில் உட்கார்ந்து, ஊட்ட ஊட்ட உண்டுகொண்டு, தெருக்கதையெல்லாம் கேட்பாள். குழம்பில் உப்புக் குறைந்தால் மகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவாள். இப்போது நானும் மகளும் கூடத்தில் சாப்பிட, உள்ளே அவள் தனியாகச் சாப்பிட்டாள். எவ்வளவு சொல்லியும் எங்கள் கண் முன்னால் அந்தக் கையை வாய்க்குக் கொண்டுபோக அவள் சம்மதிக்கவில்லை.

அடுத்த ஆண்டு மறுபடி பம்பாய் போனோம். இந்த முறை ஒரு கிழவி, சிந்திக்கிடந்த மணிகளை விரலால் எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். என் மகள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டு காத்திருந்தாள். கிழவி கடைசி மணியைப் போடும்வரை அவள் அசையவில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்து அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த நரைத்த அம்மாள் இதை எங்கே கற்றாய் என்று கேட்டார். வீட்டில், அம்மாவிடம் என்றாள்.

"இப்போது தானாகச் சாப்பிடுகிறாரா?"

"சாப்பிடுகிறார்."

"மகிழ்ச்சியாக இருக்கிறாரா?"

என் மகள் குனிந்து தன் இடது கையைப் பார்த்தாள். பிறகு, "கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறார்" என்றாள்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். வேறு கேள்வி கேட்கவில்லை. மாலை ஒட்டிய பட்டியலில் என் மகளின் பெயர் இருந்தது.

அவள் புறப்பட்ட நாளில் ஆளைத் தள்ளிச்செல்லும் புஸ்புஸ் வண்டிக்காரன் பெட்டியை ஏற்றிவிட்டு வாசலில் நின்றான். மகள் தாயின் காலில் விழுந்தாள். நான் திருநீற்றுத் தட்டை நீட்டினேன். என் மனைவி தட்டைப் பார்த்தாள். மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தாள்.

"நீங்க பூசுங்க" என்றாள் என்னிடம்.

"பரவால்லம்மா, அந்தக் கையாலயே பூசு" என்றாள் மகள், நிமிராமல்.

"எனக்கு எதுவானாலும் பரவால்ல. ஒன் நெத்தியில மாட்டேன்."

நான் பூசினேன். மகள் எழுந்து, தாயின் விழுந்த கையைக் கொஞ்ச நேரம் தன் இரண்டு கைகளுக்குள் வைத்திருந்தாள். வண்டிக்காரன் நேரமாகிறது என்றான்.

விழுப்புரம் வரை போய் அவளைச் சென்னை ரயிலில் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது விளக்கு வைத்துவிட்டார்கள். உள்ளறைக் கதவு திறந்திருந்தது. அக்கா கொண்டுவந்து வைத்த சோறு தட்டில் அப்படியே இருந்தது. ஸ்பூனும் பக்கத்தில் இருந்தது.

"கதவச் சாத்தட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம். வந்து ஊட்டுங்க."

"ஒன்னாலதான் முடியுதே."

"முடியும். நீங்க சொன்ன அந்தக் கெழவியாட்டம் மணி பொறுக்கச் சொன்னாலும் பொறுக்குவேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அவ போவணும்னுதான் அந்தக் கையால தின்னேன். இப்பதான் போயிட்டாளே."

நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஆணியில் மாட்டினேன்.

"இத அவளுக்கு எழுதிடாதீங்க" என்றாள். "நல்லா இருக்கேன், நானே சாப்புடுறேன்னு எழுதுங்க."

கிணற்றடிக்குப் போய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்தேன். எதிரே உட்கார்ந்தேன். சோறு ஆறிப்போயிருந்தது. குழம்பை ஊற்றிப் பிசைந்தேன். எனக்கு அந்த வேலை பழக்கமில்லை, கவளம் விரலிடுக்கில் சிந்தியது. அவள் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.