கிதார் பாடிய பாட்டு

குழுவில் எல்லோரும் அவரை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். முறைப்படி அப்படிக் கூப்பிட வேண்டியவள் ஒருத்திதான், அவருடைய நாத்தனார். மருத்துவமனை ஊழியர்கள் சேர்ந்து ஓர் இசைக்குழு தொடங்கியபோது அது மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. அவரைவிட வயதில் மூத்த டிரம்ஸ்காரர்கூட “அண்ணி, ரெடியா?” என்றுதான் கேட்பார்.

அண்ணிக்கு ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை. எத்தனை மெல்லிய நரம்பானாலும் ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவார். கை நடுங்காது என்பதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. நாத்தனார் அதே மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்தாள். குழுவுக்கு அவள்தான் பாடகி, அண்ணி எலெக்ட்ரிக் கிதார்.

வேகமான இடங்களெல்லாம் அண்ணிக்குத் தண்ணீர் பட்ட பாடு. நீண்ட சுரம் வந்தால்தான் சிக்கல். ஒரு சுரத்தில் நின்று, அழுத்திய தந்தியை லேசாக மேலும் கீழும் அசைத்து ஒலியை அலைபோல மிதக்கவிட வேண்டும். வைப்ராட்டோ என்பார்கள். அண்ணி அசைத்தால் அது மிதக்காது, படபடக்கும்.

“என்ன அண்ணி, கிதாருக்குக் குளிர் ஜுரமா? போர்வை போத்தி விடவா?” என்பாள் நாத்தனார்.

அண்ணியும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இன்னும் வேகமாக, இன்னும் அழுத்தி அசைத்துப் பார்ப்பார். விரல்நுனி காய்த்ததுதான் மிச்சம்.

ஆண்டுவிழா நெருங்கிக்கொண்டிருந்தபோது நாத்தனாரின் குரல் கம்மத் தொடங்கியது. தொண்டையில் சின்னதாக ஒரு கட்டி. பயப்பட ஒன்றுமில்லை, எடுத்துவிடலாம் என்றார் மருத்துவர். ஆனால் அதன்பிறகு ஓரிரு வாரம் வாயே திறக்கக் கூடாது. பாட்டுக்கு இன்னும் பல வாரம் ஆகும்.

“விழாவுக்கு வேற யாரையாவது பாட வெச்சுக்கலாமா?” என்றார் டிரம்ஸ்காரர். கேட்டதில் தப்பில்லை. ஆனாலும் நாத்தனாரின் முகம் சுண்டிப்போயிற்று.

“வேணாம். அவ பாடற பாட்டை நான் கிதார்ல வாசிச்சுடறேன்” என்றார் அண்ணி. சொன்ன பிறகுதான் அந்தப் பாட்டு முழுக்க நீண்ட சுரங்கள் என்பது உறைத்தது.

“நீயா வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டே. இனிமே அனுபவி” என்றார் வீட்டில் கணவர், துணி மடித்துக்கொண்டே.

அறுவைசிகிச்சை முடிந்து நாத்தனார் வீட்டில் இருந்தாள். ஒரு விடுமுறை நாள் காலையில் அண்ணி கிதாரைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார். முதல் வரியை வாசித்ததும் நாத்தனார் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு கைப்பேசியில் தான் பாடிய பதிவை ஓடவிட்டாள். நீண்ட சுரம் வந்த இடத்தில் உள்ளங்கையைக் காற்றில் நேராகப் பிடித்தாள். குரல் ஆடவில்லை, கையும் ஆடவில்லை. கொஞ்சம் பொறுத்துக் குரல் அசையத் தொடங்கியபோதுதான் கையும் மெதுவாக அலைபோல அசைந்தது. ஒவ்வொரு அலைக்குப் பிறகும் பழைய உயரத்துக்கே வந்து சேர்ந்தது.

அண்ணி இத்தனை காலமும் தந்தியை மீட்டிய கணமே ஆட்ட ஆரம்பித்துக்கொண்டிருந்தார்.

“முதல்ல சும்மா நிக்கணுமா?”

நாத்தனார் வேகமாகத் தலையசைத்தாள். அண்ணியின் தூக்கியிருந்த தோளை அழுத்தி இறக்கினாள். எழுந்து போய் அறைக்கதவின் குமிழைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருகிக் காட்டினாள்.

“ஏன், காத்து வரலையா? கதவைத் தொறக்கவா?”

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். சத்தமில்லாமல் சிரித்ததில் தோள் குலுங்கியது. திரும்பி வந்து அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்து அதே மாதிரி திருப்பினாள். அப்போதுதான் புரிந்தது. அசைய வேண்டியது விரல் இல்லை, மணிக்கட்டு. விரல் சும்மா கூடவே போனால் போதும்.

உடனே வந்துவிடவில்லை. தந்தி நழுவியது, சுருதி இறங்கியது. அண்ணி தினமும் வந்து வாசித்தார். ஒருநாள் ஒரு சுரம் மட்டும் நின்று, மெல்ல அசைந்து அடங்கியது. நாத்தனார் சட்டென்று எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். தன் இடத்தைப் பிடுங்கிக்கொண்டதாக நினைக்கிறாளோ என்று அண்ணிக்குத் திக்கென்றது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினாள்.

விழாவில் முதல் நீண்ட சுரம் கொஞ்சம் பிசகியது. அண்ணி தோளை இறக்கினார், அடுத்ததில் அவசரப்படாமல் நின்றார். அது அசைந்தபோது அரங்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். முன்வரிசையில் நாத்தனார் வாயை இறுக மூடிக்கொண்டு கேட்டாள்.

விழா முடிந்த இரண்டொரு நாளில் அவளுக்குப் பேச அனுமதி கிடைத்தது. குரல் சற்றுக் கனத்திருந்தது.

“நான் மூச்சு எடுக்கற இடத்துலகூட நிறுத்தினீங்களே அண்ணி. அதை நான் சொல்லித் தரவே இல்லையே?”

“இத்தனை வருஷமா உன் பக்கத்துல நின்னு கேக்கறேன். இதுகூடத் தெரியாதா?”

அவள் மறுபடியும் பாட வந்தாள். அந்தப் பாட்டைக் கொஞ்சம் கீழ்ச்சுருதியில் வைத்துக்கொண்டார்கள். கடைசி வரியின் நீண்ட சுரத்தை மட்டும் அவள் பாடுவதில்லை, கிதாருக்கு விட்டுவிடுவாள். மைக்கைத் தாழ்த்திக்கொண்டு அண்ணியைப் பார்ப்பாள்.