என் விலாசத்துக்குக் கிடைத்த வேலை

விவசாயத்தில் பட்டம் வாங்கிவிட்டு இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்தேன். தஞ்சாவூரில் ஒரு விதைக் கம்பெனியில் ஃபீல்டு ஆபீசர் வேலைக்கு இன்டர்வியூ என்றதும் குறுவை, சம்பா, முளைப்புத் திறன் என்று எல்லாவற்றையும் கரைத்துக் குடித்துவிட்டுப் போனேன். காலையில் சாப்பிட்டது என்னவோ கருவாட்டுக் குழம்பு.

முதலாளி என் விண்ணப்பத்தில் விலாசத்தைத் தாண்டவே இல்லை. "வடக்கு அக்ரஹாரம்" என்று வாய்விட்டுப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"உக்காருங்கம்மா. காபி சொல்றேன். வடையும் இருக்கு, ஆனா வெங்காயம் போட்டிருப்பான். உங்களுக்கு ஆகுமோ என்னமோ."

ஆகும் என்றேன். என் பெருந்தன்மையை மெச்சிக்கொண்டார்.

விதையைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. எனக்கு முன்னால் வந்துபோன பெண்ணைப் பற்றித்தான் பேச்சு.

"நல்ல மார்க்குதான். ஆனா அட்ரஸ் ஏதோ காலனின்னு போட்டிருக்கு. நம்மளது விவசாயிங்க வீட்டுக்குள்ள போய் வர்ற வேலை, பாருங்க. விதைன்னா எந்த வயல்லேர்ந்து வந்துச்சுன்னு பாக்குறோமில்ல, அது மாதிரிதான்."

உள்ளே கூப்பிடுவதற்கு முன் வெளியே பெஞ்சில் அந்தப் பெண்ணோடு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். அவளுடைய காலனி, பேங்க் அதிகாரிகள் மனை வாங்கி வீடு கட்டிய காலனி. வாசலுக்கு வாசல் கார் நிற்குமாம். தாத்தா பெரிய மிராசுதாராம். முதலாளி பயந்த காலனி அவருக்கு எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது. நான் பிறந்து வளர்ந்தது ஒரத்தநாடு பக்கம், ஊருக்கு வெளியே இருக்கும் காலனியில். அப்பா நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டே படித்து வாத்தியாரானவர். அக்ரஹாரத்தில் இருந்தவர்கள் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். பூட்டிக் கிடந்த வீடுகளில் ஒன்றை அப்பா வாங்கினார்.

"திங்கக்கிழமையே வந்து சேந்துக்குங்க" என்றார் முதலாளி. இரண்டு வருடமாக நான் காத்திருந்த வார்த்தை. கூடவே ஒன்று கேட்டார். "வீடு பூர்வீகமா?"

தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆட்டத்தான் நினைத்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த "அது மாதிரிதான்" காதிலேயே நின்றது. கோபம் வந்துவிட்டது.

"இல்லீங்க சார், அப்பா வாங்குனது. அதுக்கு முன்னாடி நாங்க காலனிங்க. நெஜக் காலனி."

அப்போதுதான் முதல் தடவையாக என் மதிப்பெண் பட்டியலைப் புரட்டினார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே விரல் வைத்துத் தேடினார்.

"மார்க் கொஞ்சம் பத்தலையேம்மா. திங்கக்கிழமை வர வேணாம். லெட்டர் தபால்ல வரும்."

சொன்ன காபி வரவில்லை. லெட்டரும் வரவில்லை. வடக்கு அக்ரஹாரத்துக்குத் தபால்காரர் தினமும் வருகிறார்.