டிராகனுக்கு எத்தனை வேளை

தெருவில் அவருக்குப் பெயர் மூணுகேள்வி. மருந்துக்கடை வைத்திருந்தார். சீட்டை நீட்டினால் மருந்தை எடுத்து மேசைமேல் வைப்பார். ஆனால் அதன்மேல் வைத்த கையை மட்டும் எடுக்க மாட்டார். யாருக்கு? எத்தனை வேளை? சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா? மூன்றுக்கும் வாங்க வந்தவர் வாயாலேயே சரியான பதில் வந்தால்தான் கை விலகும். ஒருமுறை ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரையே இரண்டாவது கேள்வியில் பெயிலாக்கி வீட்டுக்கு அனுப்பினார். "போய் டாக்டரைக் கேட்டுட்டு வாங்க சார். நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."

முப்பத்தோரு வருடத்தில் தப்பான மருந்து ஒன்றுகூட அந்தக் கையைத் தாண்டிப் போனதில்லை. அவருக்கு வேறு பெருமை கிடையாது. பாட வராது. சைக்கிளில் ஏறினால் விழுவார். மனைவியோடு சீட்டாடினால் தோற்பார். இந்த ஒன்றைத்தான் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்தார்.

மருந்தாளர் படிப்பில் அவருக்கு இருபத்திரண்டு லத்தீன் தொடர்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். டாக்டர்கள் சீட்டில் கிறுக்கும் சுருக்கெழுத்துகளின் முழு வடிவம். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். இருபத்து மூன்றாவது தொடர் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது.

மனைவியின் தம்பி குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்த்தான். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்ப்பான். வந்து உட்கார்ந்து, பழைய படிவங்களின் பின்பக்கத்தில் டிராகன் கதை எழுதுவான். ஊரெல்லாம் சளிக்காய்ச்சலாக இருந்த ஒரு நாள், கடையில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தபோது வந்து எடை பார்க்கும் இயந்திரத்தின்மேல் ஏறி நின்றான்.

"மாமா, மந்திரம் வேணும்."

"சீட்டு இருக்கா?"

"விளையாடாதீங்க மாமா. கதைக்கு. வெளிநாட்டு மந்திரவாதி ஒவ்வொருத்தனும் லத்தீன்லதான் பேசறான். நான் தமிழ்ல 'கதவே திற'ன்னு எழுதினா, உள்ள யாரோ குளிச்சிட்டு இருக்காங்கன்னு நினைச்சுக்கறாங்க."

மூன்று பேர் ஒரே நேரத்தில் இருமினார்கள். அவர் ஒரு மாத்திரை உறையைக் கிழித்து, பின்பக்கம் இருபத்திரண்டையும் மளமளவென்று எழுதி நீட்டினார். யாருக்கு என்று கேட்கவில்லை. எத்தனை வேளை என்று கேட்கவில்லை. அந்தக் கடையிலிருந்து கேள்வி கேட்காமல் வெளியே போன ஒரே சரக்கு அதுதான்.

எட்டு மாதம் கழித்துப் புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில், 'மந்திரங்களை அருளிய லத்தீன் அறிஞர், என் மாமாவுக்கு' என்று இருந்தது. அவர் கல்லாவில் உட்கார்ந்து படித்தார். படிக்கப் படிக்க வியர்த்தது. மந்திரவாதி "ஸ்டாட்டிம்!" என்று முழங்க, கோட்டைக் கதவு தூள் தூளாகிறது. ஸ்டாட்டிம் என்றால் உடனே கொடுக்கவும். சூனியக்காரி "டெர் டியே சுமெண்டும்" என்று சபிக்க, ஏழு நாடுகள் கல்லாகின்றன. தினம் மூன்று வேளை உட்கொள்ளவும். மகாராணி "ஸி ஓபுஸ் ஸிட்" என்று முணுமுணுத்தபடி உயிர் விடுகிறாள். தேவைப்பட்டால் மட்டும். கடைசியில் டிராகன் இளவரசனை முழுசாக விழுங்கிவிட, மந்திரவாதி கோலை உயர்த்தி "போஸ்ட் சிபும்!" என்கிறான். டிராகன் நடுநடுங்கி இளவரசனை வெளியே துப்புகிறது.

புத்தகம் சக்கைப்போடு போட்டது. பள்ளிப் பிள்ளைகள் கடை வாசலில் நின்று அவரை வாய் பிளந்து பார்த்தார்கள். அடுத்து கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. 'கற்பனைக் கதை, புராணம், வரலாறு, அன்றாட ஆங்கிலம்: லத்தீனின் செல்வாக்கு. சிறப்புரை: லத்தீன் அறிஞர்.' ஒரு மணி நேரம் பேச வேண்டும்.

"முடியாதுன்னு எழுதிடறேன்," என்றார்.

"மாமா, காலேஜே திரண்டு வருது. நீங்க வரலன்னா என் மந்திரமெல்லாம் டூப்புன்னு ஆயிடும்."

"டூப்புதானேடா?"

"அது நமக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதே."

மனைவி சமையலறையிலிருந்தே சொன்னாள்: "என் தம்பி முதல் தடவையா தலை நிமிர்ந்து நடக்கறான். அதக் கெடுத்துடாதீங்க."

போய்ப் பொய் சொன்னால் முப்பத்தோரு வருடம் போச்சு. உண்மை சொன்னால் வீட்டில் நிம்மதி போச்சு. அவர் ஒரு பழைய அகராதியை வாங்கி மாத்திரைப் பெட்டிகளுக்கு நடுவே வைத்து, இரண்டு வாரம் கரைத்துக் குடித்தார்.

ஆச்சரியம் என்னவென்றால், நன்றாகவே பேசினார். ஜனவரிக்குப் பெயர் கொடுத்தது முன்னும் பின்னும் முகம் கொண்ட வாசல் தெய்வம், மார்ச்சுக்குப் போர்க் கடவுள் என்றார். ஒரு காலத்தில் வருடமே மார்ச்சில் பிறந்ததால்தான் பெயரில் ஏழு என்ற எண்ணை வைத்துக்கொண்டு செப்டம்பர் ஒன்பதாவது இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்றார். "வைரஸ்னா விஷம். போனஸ்னா நல்லது. பஸ்ங்கறது 'எல்லாருக்கும்'னு அர்த்தம் வர்ற ஒரு நீளச் சொல்லோட வால். காலைல வாலப் பிடிச்சுத் தொங்கிட்டுதான் எல்லாரும் இங்க வந்தீங்க." அரங்கம் அதிர்ந்தது. மைத்துனன் முதல் வரிசையில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். "யாரும் வீட்ல பேசாத பாஷை. அதான் கதைக்காரங்களுக்கு மந்திரமாப் பயன்படுது. புரிஞ்சா பயம் போயிடும்ல?"

அதோடு இறங்கியிருக்கலாம். ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், டிராகன் மந்திரத்துக்கு என்ன அர்த்தம்?"

மைத்துனன் கண்ணாலேயே கெஞ்சினான். அவர் மேசையைப் பார்த்தார். தண்ணீர் டம்ளரை அவர் கை அழுத்தி மூடியிருந்தது, மருந்தை மூடுவது போலவே.

"சாப்பாட்டுக்குப் பின்," என்றார்.

டம்ளரிலிருந்து கையை எடுத்தார்.

"நான் அறிஞர் இல்லம்மா. மருந்துக்கடை. அது மாத்திரை சாப்பிடற முறை. ஏழு நாட்டையும் கல்லாக்கினது 'தினம் மூணு வேளை'. இதெல்லாம் எதுக்குன்னு கேக்காம எழுதிக் குடுத்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

முன்வரிசையில் கைத்தடியோடு இருந்த ஓய்வுபெற்ற பேராசிரியை மெல்ல எழுந்தார். உண்மையிலேயே லத்தீன் படித்தவர். ரத்த அழுத்த மாத்திரைக்காக மூணுகேள்வியின் கடைக்கு வந்து மூன்றாவது கேள்வியில் மல்லுக்கு நிற்பவர். "டிராகன் இளவரசன முழுங்கிடுச்சு இல்லியா? அப்ப 'சாப்பாட்டுக்குப் பின்'ங்கறது சரிதானே? நாப்பது வருஷம் பாடம் எடுத்தேன். ஒரு பய இவ்வளவு பொருத்தமா எழுதினதில்ல."

சிரிப்பு கூரையைப் பிய்த்தது. யாரும் கேலியாகச் சிரிக்கவில்லை. ஆனால் மைத்துனன் காதுக்கு அப்படிக் கேட்கவில்லை. அவன் எழுந்து போய்விட்டான்.

ஏழு மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை. மனைவி அவர் தட்டில் குழம்பை ஊற்றுவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். கடைக்கு வரும் பிள்ளைகள் மட்டும் மருந்து உறையில் லத்தீனும் எழுதித் தரச்சொல்லி அடம்பிடித்தார்கள். எழுதிக் கொடுத்தார். கசப்பு மருந்தைக் கண்டாலே வீட்டைச் சுற்றி ஓடியவர்கள், ஸ்பூனை உயர்த்தி "போஸ்ட் சிபும்!" என்று அலறிவிட்டு மடக்கென்று விழுங்கினார்கள்.

பிறகு அவரே படுத்துவிட்டார். ஆஸ்பத்திரி அறையில் ஜன்னலோரக் கட்டில். தனக்கு மாத்திரை கொண்டுவரும் நர்சிடமும் மூன்று கேள்வி கேட்பார். நர்சு பெயிலானதே இல்லை என்று மனைவியிடம் சந்தோஷமாகச் சொன்னார். ஒரு மத்தியானம் மைத்துனன் பழைய படிவக் கட்டோடு வந்து நின்றான்.

"மாமா, ரெண்டாம் பாகம். டிராகனுக்கு வயசாயிடுச்சு. எப்படி முடிக்கறதுன்னு தெரியல. ஒரு மந்திரம் வேணும்."

அவர் ஒரு காகிதத்தை இழுத்து ஏதோ எழுதினார். கையை அதன்மேல் வைத்தார்.

"யாருக்கு?"

"டிராகனுக்கு மாமா."

"எத்தனை வேளை?"

"ஒரே வேளை."

"சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?"

மைத்துனன் கட்டிலருகே இருந்த தட்டைப் பார்த்தான். காலையில் வைத்த சோறு அப்படியே இருந்தது. "அது இப்பல்லாம் எதுவும் சாப்பிடறதில்ல மாமா."

"சரி," என்றார். கை விலகியது.

காகிதத்தில் 'ஹோரா சோம்னி' என்று இருந்தது. கீழே, வழக்கம்போலக் கோடு போட்டு, தமிழில்: தூங்கும் நேரத்தில்.

புத்தகம் வந்தபோது அவர் இல்லை. முதல் பக்கத்தில், 'மந்திரங்கள்: என் மாமா, மருந்துக்கடைக்காரர்' என்று இருந்தது. மனைவி அதைத் திறக்காமல் மடியில் வைத்து, அட்டைமேல் கையை வைத்துக்கொண்டாள்.

"யாருக்குடா?" என்று தம்பியைக் கேட்டாள்.