எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி

அக்காவுக்கு நாக்கில் வந்திருப்பது புற்றுநோய்தான் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். நாக்கில் பாதியை எடுக்க வேண்டும், அதன்பிறகு பேச்சு எப்படி வரும் என்று இப்போது சொல்ல முடியாது, ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்ததும் கூப்பிடுகிறோம் என்றார் டாக்டர். பஸ்ஸில் திரும்பி வரும்போது அக்கா கேட்டாள்: "சாவுறது கெடக்கட்டும்லே. பேசாம எப்படி இருக்கிறது?"

நியாயமான கேள்வி. அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை அவளுக்கு. அவள் லீவு போட்டால் கம்பெனி வேனே ஊமையாகிப் போகும் என்பார்கள். ஊர்ப் பேச்சைக் கேட்டு மனசில் முடிந்து வைத்துக்கொள்கிற ஆள் நான். என் முடிச்சில் பாதி அவள் பேச்சுதான்.

தேதிக்குக் காத்திருந்த நாட்களில் வீடு நிறைய ஆட்கள். ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வந்து, "பேசாதீக மதினி, வாய்க்கு ஓய்வு குடுங்க" என்று குரலைத் தாழ்த்துவார்கள். அவர்கள் தலை மறைந்ததும் அக்கா, "எழவு கேக்க இப்பவே ஒத்திகை பாக்குறாகலே" என்பாள்.

வராதவள் எதிர்வீட்டுக்காரி ஒருத்திதான். ஒரே கம்பெனியில் வேலை, உயிருக்குயிரான சேக்காளி. ஓர் ஆடி மாதம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகையில், முள் எடுக்க உட்கார்ந்த அக்காவை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. அதாவது நேரடிப் பேச்சு. அக்கா தன் கோழியைத் திட்டுவாள்: "கூட வந்தவள விட்டுட்டு இரைக்கு ஓடுற புத்தி உனக்கு எங்கன இருந்து வந்துச்சு?" எதிர்வீட்டுக்காரி தன் ஆட்டுக்குச் சொல்வாள்: "ஒத்த முள்ளுக்கு ஊரைக் கூட்டுறவகளோட நீயும் சேராத."

நோய்ச் செய்தி தெரிந்ததும் ஆட்டுப் பக்கம் சத்தமே இல்லை. அக்கா வலிக்கிற நாக்கோடு கோழியைத் திட்டித் திட்டிப் பார்த்தாள். பதில் வரவில்லை. ஒருநாள் காலையில் விறுவிறுவென்று தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்கே போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஏண்டி, உன் ஆட்டுக்கு வாயடைச்சுப் போச்சா?"

அரிசி களைந்துகொண்டிருந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வலியோட பேசுறவகிட்ட என்னத்தச் சண்டை போட?"

"மத்தவகதான் என்னைப் பொணமாக்கிட்டாக. நீயுமாடி? நாக்கு இருக்கிற வரைக்கும் பதில் சொல்லு."

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டாள். "முள்ளெடுக்க அம்புட்டு நேரமா? கால்ல ஏறுனது முள்ளா, முழுக் கருவ மரமா?"

அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே! அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அதுமுதல் தினமும் சண்டைதான். வலி கூடினால் வாயில் குளிர்ந்த தண்ணீரை வைத்துக்கொண்டு, கையால் 'இரு, வாரேன்' என்று காட்டி, துப்பிவிட்டுத் தொடர்வாள். பக்கத்துக் கம்பெனியில் வெடித்த மறுநாளும் வேலைக்குப் போகிறவர்கள் உள்ள ஊர் இது. ஆனாலும் இப்படி ஒரு தைரியத்தை நான் பார்த்ததில்லை.

மதுரைக்குக் கிளம்பிய அன்று ஆட்டோ நகரும்போது எதிர்வீட்டில் ஆட்டுக்கு அர்ச்சனை நடந்தது: "சண்டையைப் பாதியில விட்டுட்டுப் போறாக பாரு. வந்து முடிக்கச் சொல்லு!"

அக்கா என் பக்கம் திரும்பி, "கோழிய அவளையே பாத்துக்கச் சொல்லுலே" என்றாள்.

ஆபரேஷன் முடிந்து பல நாள் கழித்து வீடு திரும்பினோம். வாசலில் கோழி நின்றது. அக்கா அதைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னாள். குழறலில் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

எதிர்வீட்டிலிருந்து உடனே பதில் வந்தது.