சருவத்தில் கிடந்த அயிலை

போன ஆண்டு மாசி மாதம், கன்னியாகுமரியில் நடந்தது இது. கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஒளியைப் பற்றிய பாடம்தான் எனக்குப் பிடித்தது. அந்தப் பாடத்தில்தான் தோற்றேன்.

எங்கள் தெருவுக்குப் பல ஆண்டுகளாக மீன் கொண்டுவரும் ஒரு அம்மா உண்டு. தலையில் வாயகன்ற அலுமினியச் சருவத்தோடு வருவார். அவருடைய கணவர் சிறிய ஃபைபர் வள்ளத்தில் தூண்டில் போடுபவர். எனக்குத் தூண்டில் ஆசை இருப்பது தெரிந்து, மாதம் ஒருமுறை என்னையும் கடலுக்குக் கூட்டிப்போவார். வள்ளத்தின் முன்னால் நின்று, நீருக்கடியில் பாறை எங்கே, மீன் எங்கே என்று பார்த்துச் சொல்வது அவர்தான். காலை வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைப் பறிக்கும். சாயங்காலம் பார்த்தால் அவர் கண்கள் செக்கச்செவேலென்று இருக்கும்.

ஒருநாள் கேட்டார். “சாரே, தண்ணிக்க மேல கிடக்குத வெளிச்சத்த வெட்டுத கூலிங் கிளாஸு உண்டுன்னு கல்ஃபுல இருந்து வந்தவன் சொன்னான். நீங்க படிச்சவங்கல்லா, ஒண்ணு பாத்து எடுத்துத் தாங்க.”

கன்னியாகுமரியில், சுற்றுலாப் பயணிகள் போகும் வழியில் உள்ள ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனோம். நான் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டேன். தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளி படுக்கைவாட்டில் அதிர்வதையும், போலரைஸ்டு கண்ணாடி அதை ஜன்னல் கம்பிபோலத் தடுப்பதையும் விளக்கினேன். கடைக்காரரும் இன்னும் நாலைந்து பேரும் நின்று கேட்டார்கள். அந்தச் சுகத்தில், ‘போலரைஸ்டு’ என்று சிறு சீட்டு ஒட்டிய, தங்க நிறக் கம்பி போட்ட ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். சோதித்துப் பார்க்கவில்லை. அதன் வழியே பளபளப்பான எதையாவது பார்த்தபடி கையில் திருப்பினாலே போதும், பளபளப்பு கூடிக் குறைகிறதா என்று தெரிந்திருக்கும்.

அடுத்த வாரம் வள்ளத்தில் அதை மாட்டிக்கொண்டு முன்னால் நின்றார். ஒரு பாறையை வெகு அருகில் வந்த பிறகுதான் கண்டார். பின்னால் எஞ்சின் பிடித்தவர் சட்டென்று திருப்பியும் வள்ளத்தின் அடி உரசியது.

“சாரே, இருட்டாத்தான் தெரியுது. அடி ஒண்ணும் தெரியல்ல.”

கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். கடலின் பளபளப்பு அப்படியே இருந்தது, கொஞ்சம் கறுத்திருந்தது, அவ்வளவுதான். கண்ணாடியைத் திருப்பினேன். ஒரு மாற்றமும் இல்லை. வெறும் கறுப்புக் கண்ணாடி. அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கடையில் அத்தனை பேர் முன்னால் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது.

“கண்ணாடி சரியாத்தான் இருக்கு. உங்க கண்ணுலதான் கோளாறு. புரையா இருக்கும், டாக்டரப் பாருங்க” என்றேன்.

அவர் நம்பினார். வாத்தியார் சொன்னால் பிறகென்ன?

சில நாள் கழித்து அந்த அம்மா வந்தபோது சருவத்தில் வேறு யாரோ பிடித்த மீன். “அவரு கடலுக்குப் போவல்ல சாரே. கண்ணு போச்சு, இனி வள்ளத்துக்க முன்னால நிக்க மாட்டேங்காரு. எஞ்சின விக்க ஆள் தேடுதாரு” என்றார். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. கண் ஆஸ்பத்திரிக்கு நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்து, புரை ஒன்றும் இல்லை, வெயிலில் கண் காய்ந்திருக்கிறது, நல்ல கண்ணாடி போட்டால் போதும் என்றார்கள். வெளியே வந்ததும் அந்த அம்மா கணவரின் சட்டைப்பையிலிருந்து தங்க நிறக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. “அப்பம் கோளாறு இதுக்குத்தான்” என்றார்.

மீன் விற்றுவிட்டு அப்படியே வந்திருந்ததால் சருவம் கையில் இருந்தது. பக்கத்திலேயே இருந்த ஒரு கண்ணாடிக் கடையின் முன், நல்ல வெயிலில் அதை வைத்தார். குழாயில் தண்ணீர் பிடித்து ஊற்றி, மிச்சமிருந்த ஒரு அயிலை மீனை உள்ளே போட்டார்.

“யக்கா, கடை நாறும்” என்றார் கடைக்காரர்.

“கடல இஞ்ச தூக்கிட்டு வர முடியாதுல்லா மக்கா. இருக்க கண்ணாடிய எல்லாம் எடு.”

சூரியனைப் பார்த்தபடி சாய்வாக நின்று ஒவ்வொன்றாக மாட்டிச் சருவத்தைப் பார்த்தார். தண்ணீர் மின்னிய கண்ணாடியையெல்லாம் ஒதுக்கினார். எட்டோ ஒன்பதோ போன பிறகு, அசையாமல் நின்றார்.

“மீனுக்க கண்ணு தெரியுது” என்றார்.

அதோடு விடவில்லை. காம்பை விரித்து மடக்கினார், சட்டத்தை வளைத்துப் பார்த்தார், திருகாணியை நகத்தால் சுரண்டினார். “இரும்பாணி உப்புல ஒரு மாசம் தாங்காது” என்று அதையும் வைத்துவிட்டார். அதே கண்ணாடி போட்ட, துருப்பிடிக்காத ஆணி வைத்த, கழுத்தில் கயிறு கட்டத் துளையுள்ள ஒரு தடித்த பிளாஸ்டிக் சட்டத்தைத் தேடி எடுத்தார். அழகே இல்லாத கண்ணாடி. நான் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிய பாடத்தை, ஒரு சருவத் தண்ணீரில் அவர் நடத்தி முடித்துவிட்டார். அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

“அது மோசமான கண்ணாடின்னு அன்னைக்கு வள்ளத்துலயே எனக்குத் தெரியும்” என்றேன்.

“தெரிஞ்சிட்டா கண்ணு கெட்டுன்னு சொன்னிய?”

“ஆமா.”

அந்த அம்மா திட்டவில்லை. தங்க நிறக் கண்ணாடியை என்னிடம் நீட்டி, “நீங்களும் ஒருக்கா பாருங்க சாரே” என்றார். மாட்டிக்கொண்டு குனிந்தேன். வெயிலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

பக்கத்தில் அவர் கணவர் புதுக் கண்ணாடியோடு சருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “செதில் வரைக்கும் தெரியுது. அப்பம் எனக்க கண்ணு போவல்ல” என்றார். என்மேல் ஒரு வார்த்தை கோபம் இல்லை. அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாளே கடலுக்குப் போனார். இப்போதும் என்னைக் கூட்டிப்போகிறார். அந்தக் கண்ணாடிக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கண் போய்விட்டது என்று அவர் கரையில் உட்கார்ந்திருந்த பதினொரு நாட்களை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பேன்? இன்று யாராவது ஒரு பொருளைக் காட்டி “இது நல்லதா சார்?” என்று கேட்டால், தெரியாது, வெயிலில் வைத்துப் பார்ப்போம் என்று சொல்ல இந்த வயதில்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.