லிஃப்ட் அக்காவும் எட்டுப் படிகளும்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியின் புகார் மேசையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு மனநல ஆலோசகர் படிப்பில் சேர்ந்தவள் அவள். முதல் வாரத்திலேயே ‘லிஃப்ட் அக்கா’ என்று பெயர் விழுந்துவிட்டது. கூடப் படித்தவர்கள் எல்லாம் அவள் மகள் வயது. அவள் அசரவில்லை. ஐம்பதை நெருங்கும்போது பரீட்சை எழுதத் துணிந்தவளுக்குப் பட்டப்பெயரா பாரம்?

பாடம் அவளுக்குக் கரும்பு. அறிஞர்களின் பெயர்கள்தான் வாயில் நுழையவில்லை. அதனால் அவர்களுக்கும் பட்டப்பெயர் வைத்தாள். மனிதன் பிறந்ததிலிருந்து முதுமை வரை எட்டுப் படி ஏறுகிறான், ஒவ்வொரு படியிலும் மனசுக்குள் ஓர் இழுபறி என்றவர் ‘படிக்காரர்’. தாயோடு குழந்தை ஒட்டுகிற விதமே பின்னால் வரும் உறவுகளுக்கு அச்சு என்றவர் ‘ஒட்டுக்காரர்’. வந்தவரை எடைபோடாமல் காதுகொடுத்து ஏற்றுக்கொள், அவருடைய வழி அவருக்குள்ளேயே இருக்கிறது என்றவர் ‘காதுக்காரர்’. மூவரையும் கரைத்துக் குடித்து, எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்தாள்.

வீட்டில்தான் யாருக்கும் நிம்மதி இல்லை. மகன் முடியை வளர்த்தால் ஐந்தாம் படி, அடையாளக் குழப்பம். மகள் கதவைச் சாத்தினால் ஒட்டுதலில் கோளாறு.

“அப்ப நான் எத்தனாவது படிம்மா?” என்றார் கணவர், சோபாவில் படுத்தபடியே.

“நீங்க எங்க ஏறினீங்க? கீழயே படுத்துட்டீங்க.”

படிப்பின் கடைசிக் கட்டம், பயிற்சி அறை. எதிரெதிரே இரண்டு நாற்காலி, ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி, வந்தவரின் சம்மதத்தோடு ஓடும் ஒலிப்பதிவுக் கருவி. அவளிடம் வந்தவர் ஓய்வுபெற்ற வெல்டர். மனைவி இறந்து சில வருடம் ஆகியிருந்தது. “வீட்ல இருப்புக் கொள்ளலைங்க” என்றார். அவ்வளவுதான், அவளுக்கு விளங்கிவிட்டது. எட்டாம் படி! வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து நிறைவா, விரக்தியா என்று கணக்குப் பார்க்கும் வயது. அவரைத் திரும்பிப் பார்க்க வைத்தாள். வாராவாரம் வைத்தாள். ஒருநாள் அவர் கிளம்பும்போது, “அடுத்த வாரம் வரணுமான்னு யோசிக்கறேன்மா” என்றார்.

அவர் பாதியில் நின்றால் அவளுடைய பயிற்சியும் பாதியில் நிற்கும். மறுபடி ஒரு பருவம் முழுக்கப் படிக்க வேண்டும். அதைவிட, ஒரு மனுஷர் அவளை நம்பி வந்து வெறுங்கையோடு போகிறாரே என்பது குத்தியது.

பயிற்சியைக் கவனிக்கும் மேற்பார்வையாளரிடம் போனாள்; அவளைவிட ரொம்பச் சின்னவள். மேற்பார்வையாளர் பதிவை ஓடவிட்டாள்.

வெல்டரின் குரல்: “சாயங்காலம் பூங்காவுக்குப் போவேன். அங்க ஒரு தையல்காரம்மா வருவாங்க. நல்லாப் பேசுவாங்க.”

லிஃப்ட் அக்காவின் குரல்: “சரிங்க. வேலை பாத்த காலத்துல உங்களுக்கு நிறைவா இருந்தது எது?”

இன்னொரு நாள் பதிவு. “அந்தத் தையல்காரம்மா சொல்றாங்க…”

“சின்ன வயசுல செய்யாம விட்டோமேன்னு ஏதாவது இருக்குங்களா?”

மேற்பார்வையாளர் கருவியை நிறுத்தினாள். “அக்கா, அவர் முன்னாடி பாத்துக்கிட்டு நிக்கறார். நீங்க கழுத்தைப் பிடிச்சு பின்னாடி திருப்பிட்டே இருக்கீங்க.”

“மேடம், அவருக்கு அறுபத்தேழு வயசு. படிக்காரர் கணக்குப்படி…”

“ஏறின படியில மறுபடி கால் வைக்கக் கூடாதுன்னா அவர் சொன்னார்? துணை தேடறது ஆறாம் படி. அதுக்கு வயசு வரம்பு போட்டது நீங்கதான்.”

முகம் சிவந்தது அவளுக்கு. புகார் மேசையில் அதுதானே அவளுடைய கெட்டிக்காரத்தனம்! எதிர்முனையில் ‘கதவு…’ என்று ஆரம்பிக்கும்போதே கோளாறு இன்னதென்று முடிவுகட்டி ஆளை அனுப்பிவிடுவாள். அதற்காகக் கம்பெனி கைதட்டிப் பாராட்டியிருக்கிறது. இங்கேயும் அதே கையைத்தான் நீட்டியிருக்கிறாள்.

“அவருக்கு ஒரு போன் போட்டு வரச் சொல்லட்டுங்களா?”

“வேணாம். வர்றதும் வராததும் அவர் இஷ்டம்.”

வந்தார். தாமதமாக, உட்காரலாமா வேண்டாமா என்ற நடையோடு வந்தார்.

“நீங்க பூங்காவைப் பத்திச் சொல்ல வந்தப்பல்லாம் நான் குறுக்க விழுந்துட்டேன்,” என்றாள். “இன்னைக்குக் கேக்கறேன்.” அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. கேள்விகள் தொண்டை வரை வந்து வரிசையில் நின்றன. ஒன்றையும் விடவில்லை.

வெல்டர் தொண்டையைச் செருமினார். “அந்தம்மாவைக் கட்டிக்கலாம்னு இருக்கேன். அவங்களுக்கும் சம்மதம். பையன்கிட்டதான் சொல்ல வாய் வரல.”

பையனிடம் சொல்ல அவளுக்கு உடனே பத்து வழி தெரிந்தது. பத்தையும் விழுங்கினாள். “சொல்ல நினைக்கறப்ப உங்களுக்கு என்ன தோணுது?”

“சிரிச்சிடுவானோன்னு.” தன் உள்ளங்கையைப் பார்த்தார். “கோபப்பட்டாக்கூடத் தாங்கிக்குவேன். சிரிச்சா தாங்க மாட்டேன்.”

அவள் தலையை மட்டும் அசைத்தாள். அவரே பேசினார். தீப்பொறிக்கு நடுவே வேலை பார்த்தவன் ஒரு சிரிப்புக்குப் பயப்படுவதா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். முதலில் மகனிடம் என்ன சொல்வது, அவன் முகம் கோணினால் என்ன செய்வது என்று, வளைந்த குழாயைத் தட்டி நேராக்குகிற மாதிரி, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். அவர் கடைசியில் கண்ட வழி அவள் யோசித்து வைத்திருந்த பத்தில் இல்லை. அவளுடையதைவிட நன்றாகவே இருந்தது.

எழுந்திருக்கும்போது கேட்டார்: “அடுத்த வாரம் பையனையும் கூட்டிட்டு வரலாமாம்மா?”

“கூட்டிட்டு வாங்க,” என்றாள் லிஃப்ட் அக்கா.